ஒரே பெயர், இரண்டு ஹெட்போன்: எந்த மாடலில் பதிப்பைக் கண்டுபிடிக்க முடியும்?

டர்பனில் ஓப்பன் பேக் (பின்புறம் மூடாத) ஹெட்போன் தேடுபவர்களுக்குக் கடையில் போட்டுக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஆன்லைனில் வரவழைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ வைத்திருந்ததை வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஆபத்து: விமர்சனத்தில் படித்தது ஒரு பதிப்பு, வீட்டுக்கு வந்தது வேறு பதிப்பு. கம்பெனிகள் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு காந்தத்தை மாற்றுகின்றன, காதில் படியும் மெத்தையை மாற்றுகின்றன, தொழிற்சாலையையே மாற்றுகின்றன. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அதனால் நான்கு வரிசைகளை ஒரே கேள்வியோடு இங்கே அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறோம். பணம் கொடுக்கும் முன், எந்தப் பதிப்பு என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? எது நன்றாக ஒலிக்கிறது என்பது வேறு விவாதம்.

சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650

அடையாளம் காண்பதில் இவைதான் சுலபம். எச்டி 600 வந்தது 1997-ல். பல ஆண்டுகள் அதன் உடலில் சலவைக்கல் போன்ற நீலச் சாம்பல் கோலம் இருந்தது. பிறகு அது போய், கோலமில்லாத கறுப்புச் சாம்பல் நிறம் வந்தது. தயாரிப்பும் அயர்லாந்தின் டல்லமோரிலிருந்து ருமேனியாவுக்குப் போனது. சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022-ல் சோனோவா என்ற சுவிஸ் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆகவே படத்தில் நிறத்தைப் பார்த்தாலே எந்தக் காலத்துப் பொருள் என்று ஏறத்தாழ சொல்லிவிடலாம்.

2003-ல் வந்த எச்டி 650-ல் மாற்றம் உள்ளே இருக்கிறது. ஆரம்பத் தொகுதிகளில் டிரைவரை, அதாவது ஒலியை எழுப்பும் பகுதியைச் சுற்றிய வலை கறுப்பாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் வெள்ளி நிறம். மெத்தையைக் கழற்றி, அடியிலுள்ள மெல்லிய நுரைத் தகட்டை எடுத்தால் தெரிந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு நிமிட வேலை. விற்பவர் அந்தப் படம் அனுப்ப மறுத்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

ஆனால் இந்த வரிசையில் பதிப்பைவிட மெத்தையின் வயதுதான் முக்கியம். நுரை தட்டையானால் காது டிரைவரை நெருங்கிவிடும், ஒலி வேறாகிவிடும். ‘பழைய பதிப்பு வேற மாதிரி கேக்குது’ என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு தட்டையான மெத்தை செய்யும் வேலை. டர்பன் ஈரக்காற்றில் மெத்தை விரைவில் பதம் கெடும். கைமாறிய எச்டி 600 வாங்கினால் புது மெத்தையின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹைஃபைமேன் சுந்தரா, ஆனந்தா, எச்இ400 வரிசை

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். சுந்தராவின் முதல் தொகுதிகளும் 2020 வாக்கில் வந்தவையும் அளவீட்டில் ஒன்றுபோல இல்லை. மெத்தை மாறியது, மேல் ஒலியின் (ட்ரெபிள்) அளவும் மாறியது. பெயரும் வெளித்தோற்றமும் மாறவில்லை. எச்இ400எஸ்இ-யின் கதை இன்னும் குழப்பம். முதலில் வந்தவற்றில் சாதாக் காந்தம், பிறகு வந்தவற்றில் ‘ஸ்டெல்த்’ காந்தம், அதாவது ஒலி அலை மோதிச் சிதறாதபடி வடிவமைத்த காந்தக் கம்பிகள். ஆனந்தாவும் இப்படித்தான் ஸ்டெல்த்துக்கு மாறியது.

இங்கே உதவுபவை மூன்று. முதலாவது கேபிள் துளை. இந்தக் கம்பெனி திருகுவகை இணைப்பிலிருந்து 2.5 மிமீ-க்கும், அதிலிருந்து 3.5 மிமீ-க்கும் வந்தது. துளையைப் பார்த்தாலே தலைமுறை தெரியும். இரண்டாவது ஹெட்பேண்ட். பழைய எச்இ400ஐ-யில் மேலே ஒரு வளைவும், கீழே தலையில் படியும் தனிப் பட்டையும் இருக்கும். 2020 பதிப்பில் ஒரே தடித்த பட்டைதான். மூன்றாவது பெட்டியின் பக்கவாட்டுப் படமும் சீரியல் நம்பரும். ஸ்டெல்த் என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பலாம். அச்சில்லை என்பதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்ட முடியாது.

மெத்தையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இவை பிளாஸ்டிக் வளையத்தில் கொக்கி போட்டு மாட்டுபவை. கொக்கி சுலபமாக உடையும், உடைந்தால் உரிமையாளர் வேறு மெத்தை மாட்டியிருப்பார். புதுப் பதிப்பின் மெத்தையோடு பழைய டிரைவர் விற்பனைக்கு வருவது சகஜம். அதனால் டிரைவர் தெரியும்படி, மெத்தை இல்லாத ஒரு படம் கேட்க வேண்டும்.

ஆடிஸி எல்சிடி-2, எல்சிடி-எக்ஸ்

விலை அதிகம், மாற்றத்தின் வித்தியாசமும் அதிகம். எல்சிடி-2-இல் 2014 வாக்கில் ஒலி அலைக்கு வழிகாட்டும் ஃபேஸர் என்ற பட்டைகள் காந்தத்தின்மேல் சேர்ந்தன. அதற்கு முந்தையதன் கனமான, இருண்ட ஒலியை விரும்புபவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே 2017-ல் ஃபேஸர் இல்லாத கிளாசிக் வந்தது. எல்சிடி-எக்ஸோ 2021-ல் பெயர் மாறாமலேயே திருத்தப்பட்டது. பழைய விமர்சனத்தை நம்பி 2021-க்குப் பிந்தையதை வாங்கினால் படித்தது ஒன்றும் கேட்பது ஒன்றுமாக இருக்கும். எடை சுமார் 612 கிராம் என்பதையும் மனதில் வையுங்கள்.

மெத்தை ஒட்டியிருப்பதால் பிரித்துப் பார்க்க முடியாது. சீரியல் நம்பரைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்பதுதான் நேர்வழி.

ஏகேஜி கே 702, பேயர்டைனமிக் டிடி 990

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கே 702-இல் பார்க்க வேண்டியது தயாரிப்பு நாடு: ஆஸ்திரியாவா, சீனாவா. வியன்னா ஆலை 2017-ல் மூடப்பட்டது. கழற்ற முடியாத கேபிள் இருந்தால் அது கே 701, வேறு மாடல். டிடி 990-இல் பதிப்பைவிடப் பெயர்க் குழப்பம்தான் தொல்லை. 2024-ல் வந்த டிடி 990 ப்ரோ எக்ஸின் மின்தடை 48 ஓம், கேபிள் கழற்றலாம். பழைய ப்ரோவில் சுருள் கேபிள், பெரும்பாலும் 250 ஓம். கடைப் பட்டியலில் ‘எக்ஸ்’ விடுபட்டால் எது வரும் என்றே தெரியாது.

மல்டிமீட்டர் சொல்வது

கையில் வந்தபின் ஒரு சோதனை. கேபிளை ஹெட்போனில் மாட்டி, ஜாக்கின் நுனிக்கும் அடித்தண்டுக்கும் இடையே அளந்தால் இடது பக்கம். நடு வளையத்துக்கும் அடித்தண்டுக்கும் இடையே அளந்தால் வலது பக்கம். மீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒரு நொடி தொட்டால் போதும். சிறு ‘டிக்’ சத்தம் கேட்கும், அதனால் பாதகமில்லை.

ஹைஃபைமேன், ஆடிஸி போன்ற பிளேனரில் (தட்டையான படலம் ஒலிக்கும் வகை) இந்த எண் விவரத்தாளிலுள்ள ஓமுக்கு மிக அருகில் இருக்கும். எல்சிடி-எக்ஸ் என்றால் 20 ஓம், ஃபேஸர் உள்ள எல்சிடி-2 என்றால் 70 ஓம். டைனமிக்கில் (சுருள் திரையை அசைக்கும் வகை; சென்ஹைசர், ஏகேஜி, பேயர்டைனமிக்) ஓம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும், ஆனாலும் 250-ஐயும் 80-ஐயும் பிரித்துக் காட்ட இது தாராளம். இடதுக்கும் வலதுக்கும் கண்ணில் படும் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்க டிரைவரை யாரோ மாற்றியிருக்கலாம்.

இணையத்திலுள்ள இரண்டு ஒலி அளவீட்டு வரைபடங்களை ஒப்பிட்டு ‘புதுப் பதிப்பு’ என்று தீர்மானிப்பது மட்டும் கூடாது. ஜிராஸ் 43ஏஜி அளவீட்டுக் கருவியில் எடுத்த கோடும் பி அண்ட் கே 5128-ல் எடுத்த கோடும் ஒரே ஹெட்போனுக்கே வேறாக இருக்கும். ஒரே கருவி, ஒரே ஆள், இரண்டு பதிப்பு: அப்படி இருந்தால்தான் ஒப்பீடு. காதால் சோதிக்க நாகசுரப் பதிவு நல்லது. அதன் மேல் சுரங்கள் வலுவானவை, மேல் ஒலி சற்றுக் கூடினாலும் உடனே குத்தும்.

எங்கே வாங்குவது

தென்னாப்பிரிக்க ஆன்லைன் கடையில் வாங்கினால், 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி பொருள் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. அந்த 7 நாளுக்குள் மெத்தையைக் கழற்றிப் படமெடுத்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து முடித்துவிடுங்கள். அங்கீகாரமில்லாமல் இறக்குமதியான பொருள் என்றால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி கடை அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட சரக்கில்தான் பழைய தொகுதிகள் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே சென்ஹைசரைத் தயங்காமல் வாங்கலாம், ஏனென்றால் படமே போதும். ஹைஃபைமேன் என்றால் நேரில் போய் மெத்தையைக் கழற்றிப் பார்த்தபின் மட்டும். ஆடிஸி என்றால் சீரியல் நம்பருக்குக் கம்பெனியிடமிருந்து பதில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.