கல்விக் கடனுக்கு வட்டி மானியம் வரும் என்று கல்லூரியில் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

இந்த வருடம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்காக, அதுவும் கடன் வாங்கித்தான் சேர்க்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறி வேலை. என் மகள் 2019-இல் பொறியியலில் ஐ.டி. பிரிவில் சேர்ந்தாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கவுன்சிலிங்கில் சேர்ந்ததால் முதல் பட்டதாரி சலுகை கிடைத்தது. அது போக, மீதிக் கட்டணம், விடுதி, சாப்பாடு என்று வருடத்துக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது. வங்கியில் 4 லட்சம் கல்விக் கடன் போட்டோம்.

சேர்க்கைக்குப் போன அன்று கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள தானுங்களே? அப்ப கவலையே வேண்டாங்கண்ணா. படிக்கிற நாலு வருசமும் அதுக்கப்புறம் ஒரு வருசமும் வட்டியை கவர்மென்ட்டே கட்டிரும். நம்ம காலேஜுக்கு என்.பி.ஏ. இருக்குங்க." (என்.பி.ஏ. என்பது பொறியியல் போன்ற படிப்புகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு.) அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் திட்டத்தைப் பற்றிய நகல் ஒன்று இருந்தது. மூலையெல்லாம் மஞ்சள் பூத்த தாள், 2009 என்று போட்டிருந்தது. முதல் பட்டதாரி சலுகையைப் பற்றி அவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. அதனால் இதையும் நம்பிவிட்டேன்.

மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-இல் வந்தது உண்மை. பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் வட்டியை அரசு ஏற்கும் என்பதும் உண்மை. ஆனால் 2018-இல் விதியை மாற்றிவிட்டார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் என்ற அமைப்பின் தரச்சான்றைக் கல்லூரி பெற்றிருக்க வேண்டும், அல்லது படிக்கும் பாடப்பிரிவு என்.பி.ஏ. தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. நர்சிங், சட்டம் போன்ற படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும்.

என்.பி.ஏ. கல்லூரிக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கலுக்கும் இ.சி.இ.-க்கும் இருந்தது, ஐ.டி.-க்கு இல்லை. நாக் தரச்சான்றும் இல்லை. வாசல் பலகையில் 'அங்கீகாரம் பெற்றது' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அது ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும்தான். கல்லூரி நடத்துவதற்கான அனுமதி வேறு, தரச்சான்று வேறு. எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லாகத்தான் காதில் விழுகிறது. கடனுக்குக் கையெழுத்து வாங்கிய வங்கி அதிகாரியும் இதை எடுத்துச் சொல்லவில்லை.

2024 ஜூலையில் தவணை தொடங்கும் நேரத்தில் வங்கிக்குப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அசல் 4,00,000. வட்டி 1,47,000. மானியம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பத்து வருடத் தவணை என்றால் மாதம் 7,400 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. மகளின் முதல் சம்பளத்திலிருந்தே கட்டத் தொடங்கிவிட்டோம்.

மனசு ஆறாதது என்னவென்றால், முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்குப் பத்தரை சதவீத வட்டியில் மாதம் 875 ரூபாய்தான் வந்திருக்கும். அதை எப்படியும் கட்டியிருப்பேன். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. அரசு கட்டுகிறது என்று நம்பி ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

சேர்க்கும் முன்பே நாக், என்.பி.ஏ. இணையதளங்களில் கல்லூரியின் பெயரையும் பாடப்பிரிவையும் போட்டுப் பாருங்கள். தரச்சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பாருங்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, இந்தக் கடனுக்கு வட்டி மானியம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இப்போது பி.எம். வித்யாலட்சுமி பெயரைச் சொல்லி இதே பேச்சு நடக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டம் அது. பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்தச் சலுகை வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான். கல்லூரியும் தரவரிசையை வைத்து அரசு எடுத்த பட்டியலில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நாடு முழுக்க 860 கல்லூரிகள்தான் அதில் இருந்தன.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இதைச் சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார்கள். அவன் அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். திட்டத்தின் இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது, என் மகள் போனில் தேடிப் பார்த்தாள். அந்தக் கல்லூரி அதில் இல்லை. அவர்கள் இன்னும் பணம் கட்டவில்லை.