லெசித்தினுக்கு எந்த எண்? 2923-உம் அதோடு மல்லுக்கு நிற்கும் மற்ற எண்களும்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சிறு தொழிற்சாலைகளில் பிஸ்கட், சாக்லேட் பூச்சு, இறால் தீவனம் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இவை எல்லாவற்றிலும் லெசித்தின் சேரும்; எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கிற எமல்சிஃபையர் அது. சுற்றிலும் எண்ணெய் விளைகிற ஊர்தான், ஆனால் செம்பனையிலிருந்து லெசித்தின் எடுத்துக் கட்டுப்படியாகாது. கச்சாச் செம்பனை எண்ணெயில் லெசித்தினின் முக்கியக் கூறான பாஸ்போலிப்பிட் பெயருக்குத்தான் இருக்கிறது; கச்சாச் சோயா எண்ணெயிலோ 1 முதல் 3 சதவீதம் வரை உண்டு. ஆகவே சரக்கு வெளிநாட்டிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வருகிறது. கே1 என்ற இறக்குமதிச் சுங்கப் பாரத்தில் எந்த எச்.எஸ். எண்ணை, அதாவது சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்ணை, போடுவது என்பதில்தான் இழுபறி.

"அக்கா, சாப்பிடுற சாமான்தானே, உணவு கோட்லயே போட்டுடுங்களேன்" என்று பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 2106.90, அதாவது வேறிடத்தில் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள். வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது. லெசித்தின் வேறிடத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது: 2923.20, லெசித்தின்களும் மற்ற பாஸ்போஅமினோலிப்பிட்களும்.

எண்ணின் முதல் இரண்டு இலக்கம் காட்டுகிற 29-ஆம் அத்தியாயம் பொதுவாகத் தனித்த, வேதியியல் வரையறை உள்ள சேர்மங்களுக்கானது. பீப்பாயில் வருகிற பழுப்பு நிறப் பிசினைப் பார்த்தால் அப்படித் தோன்றாதுதான். அது ஒரு கலவை. ஆனால் 2923-இன் தலைப்பு வாசகமே 'வேதியியல் வரையறை இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளும் வணிகச் சோயா லெசித்தினை அப்படியே வர்ணிக்கின்றன: அசிட்டோனில் கரையாத பாஸ்பாட்டைடுகள் (பாஸ்போலிப்பிட்களின் மறுபெயர்) பொதுவாக 60 முதல் 70 சதவீதம், மீதி சோயா எண்ணெய், கொழுப்பு அமிலங்கள், மாவுச்சத்து வகைகள். அசிட்டோனால் எண்ணெயைப் பிரித்தெடுத்த மஞ்சள் குருணையும் அதே இடத்தில்தான். உணவுத் தரம், தீவனத் தரம், பெயின்ட் தரம் எதுவானாலும் எண் மாறாது. லெசித்தினின் உணவுச் சேர்க்கை எண்ணான ஈ322 என்று பையில் அச்சடித்திருப்பது உணவுச் சட்டத்துக்கான தகவல். சுங்க வகைப்பாட்டை அது நகர்த்தாது.

அடுத்த போட்டியாளர் 3402, பரப்பு இயங்கு பொருள்கள், அதாவது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. விற்பனையாளரின் தொழில்நுட்பத் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுச் சிலர் இங்கே தாவுகிறார்கள். 34-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 3 ஒரு சோதனையும் தருகிறது: 20 பாகை வெப்பத்தில் 0.5 சதவீதக் கரைசலை ஒரு மணி நேரம் வைத்தால் பிரியாமல் இருக்க வேண்டும், நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 45 டைனுக்கு மிகாமல் இறங்க வேண்டும். லெசித்தினுக்கு அந்தச் சோதனையே தேவையில்லை. பெயரிட்டுச் சொன்ன தலைப்பு இருக்கும்போது, வேலையை வைத்துச் சொன்ன தலைப்புக்கு ஏன் போக வேண்டும்?

உண்மையான சண்டை பொடியில்தான் வருகிறது. திரவ லெசித்தினை மாவுச்சத்திலிருந்து எடுக்கிற மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியிலோ பால் பொடியிலோ ஏற்றி, கையில் ஒட்டாத பொடியாக விற்கிறார்கள். கட்டி பிடிக்காமலிருக்க மட்டும் கொஞ்சம் சிலிக்கா தூவியிருந்தால் 2923-இலேயே நிறுத்தலாம். சேமிப்புக்கும் பயணத்துக்கும் தேவையான சேர்க்கையை 29-ஆம் அத்தியாயம் பொறுத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் அது தயாரிப்பு. அப்போது 2106.90 ஜெயிக்கிறது. 3824-இல் வேதிக் கலவை என்று போடலாமே என்பவர்களுக்கு 38-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 1 தடை போடுகிறது: மனித உணவு தயாரிக்கப் பயன்படுகிற, ஊட்டப் பொருளோடு சேர்ந்த வேதிக் கலவைகள் அங்கே சேராது. தீவனத்துக்கென்றே கலந்த பொடி 2309.90-க்குப் போகும். இத்தனையும் 'லெசித்தின் பவுடர்' என்ற ஒரே பெயரில் வந்து இறங்குவதுதான் தலைவலி. கப்பல் ஏறும் முன்பே கலவை விகிதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். 'கம்பெனி ரகசியம்' என்று இழுக்கிற விற்பனையாளரிடம் நான் வாங்கவே மாட்டேன்.

மாத்திரை உறையில் அடைத்த லெசித்தினும் 2923-ஐ விட்டு வெளியேறிவிடும். மருந்துக் கடையில் விற்பதாலும் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருப்பதாலும் 3004, அதாவது மருந்துகள், என்று நினைப்பார்கள். அந்தப் பதிவு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் வேலை, சுங்கத்தின் வேலை வேறு. 30-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே துணை உணவுகளை வெளியே தள்ளி, நரம்பு வழி ஏற்றும் ஊட்டத் தயாரிப்புகளை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறது. எனவே வாயால் விழுங்கும் உறை 2106.90, முட்டை லெசித்தின் சேர்ந்த, நரம்பில் ஏற்றும் கொழுப்புக் குழம்பு 3004.

நம்மூர் செம்பனையிலிருந்து வரும் மோனோ, டை கிளிசரைடு கலவைகளை லெசித்தினோடு குழப்ப வேண்டாம். ரொட்டிக் கடைக்காரருக்கு இரண்டும் ஒரே வேலைதான் செய்யும். ஆனால் மெழுகுத்தன்மை இல்லாத கிளிசரைடு கலவை 3824-க்கு உரியது.

ஏற்றுமதிக்கு, அதாவது கே2 பாரத்துக்கு வந்தால், முதல் ஆறு இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் வருபவை அந்தந்த நாட்டின் பிரிவுகள். வாங்குபவர் தரும் நீண்ட எண்ணை அப்படியே நம் பாரத்தில் ஒட்டக் கூடாது. இறக்குமதியில் இதே ஆறு இலக்கம் இன்னொரு இடத்தில் உதைக்கும். இந்தியாவிலிருந்து ஆசியான்–இந்தியா வரிச் சலுகையில் கொண்டுவரும்போது, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழில் 2923.20 என்றும் கே1-இல் 2106.90 என்றும் இருந்தால், சலுகை கேட்கிற நேரத்தில் கேள்வி வரும்.

பொடியில் சந்தேகம் தீரவில்லையென்றால் 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே எழுத்துமூலத் தீர்ப்பு கேட்கலாம். திரவத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இன்வாய்ஸில் வெறும் 'எமல்சிஃபையர்' என்று எழுதாமல், 'சோயா லெசித்தின், திரவம், அசிட்டோனில் கரையாத பங்கு 62 சதவீதத்துக்குக் குறையாது, வேறு கலப்பு இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள்.