அந்தமானுக்கு நாள் குறித்துக் கொடுத்த மாயவரத்து டிராவல்ஸ்காரர்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போய் வந்தோம். ராதாநகர் கடற்கரையின் அழகைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மணிக்கூண்டுப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் பயண ஏற்பாடெல்லாம் எம்ஆர்டி ரயிலில் போகும்போதே கைப்பேசியில் முடிந்துவிடுகிற வேலை. அம்மாதான், "நேர்ல போய்க் கேட்டாத்தான் சரியா இருக்கும்" என்று பிடிவாதம் பிடித்தார். கடைக்குள் நுழைந்தால் அதே பழைய கதை. டோக்கன் இல்லை, வரிசை இல்லை. தட்கல் டிக்கெட்டுக்கு வந்தவர், மகனை துபாய்க்கு அனுப்புகிறவர், சும்மா பேப்பர் படிக்க வந்தவர் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்த பிறகும் வாசலில் நின்றபடி கேட்டவருக்குத்தான் முதல் மரியாதை. எரிச்சலில், "வாம்மா, போயிடலாம்" என்று எழுந்தே விட்டேன்.

அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று கேட்கவில்லை. "அம்மாவுக்கு முட்டி எப்படி? படகுல ஏறி இறங்கிடுவாங்களா?" என்றார். இத்தனை வருடத்தில் எந்த இணையதளமும் என்னிடம் அம்மாவின் முட்டியைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் எழுதிக்கொண்டு போன பட்டியலில் பாராடங் தீவின் சுண்ணாம்புக் குகையை முதலில் அடித்தார். விடியும் முன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டு வழியாக வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து கான்வாயில் போக வேண்டும், அப்புறம் படகு, அப்புறம் நடை. "அம்மாவுக்கு ஆகாது தம்பி. அதுவுமில்லாம, அவங்க வாழுற காட்டுக்குள்ள நாம வேடிக்கை பார்த்துக்கிட்டே போறது எனக்கு மனசு ஒப்பல. நான் ஒரு தடவை போயிட்டு வந்ததோட சரி." அந்த டிக்கெட்டை விற்றிருந்தால் அவருக்குக் காசு. வேண்டாம் என்று அவரே சொன்னார்.

அடுத்தது நேரம். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் மட்டும் சென்னை நேரம்தான். ஜனவரியில் ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் இறங்கிவிடும். ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் சிங்கப்பூர்க் கணக்கில் நான் போட்டிருந்த திட்டத்தை அப்படியே முன்னுக்கு இழுத்தார். "மூணு மணிக்கு ராதாநகர்ல இருக்கணும்" என்றார்.

அப்புறம் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டி, தை அமாவாசை என்றைக்கு என்று பார்த்தார். நீல் தீவில் கடல் அரித்து உண்டான பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. நீர் வற்றும்போதுதான் அதன் கிட்டே போக முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். ராதாநகர் இருக்கும் ஹேவ்லாக் தீவில் இரவில் துடுப்பு பட்டதும் தண்ணீர் மினுமினுப்பதைப் பார்க்கவும் நிலா இல்லாத ராத்திரிதான் தோது. ஆனால் தை அமாவாசைக்குத் காவிரித் துலாக்கட்டத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்காமல் நாங்கள் எங்கும் நகர மாட்டோம். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. "முடிச்சுட்டு மறுநாள் கிளம்புங்க. அடுத்த ரெண்டு நாளும் ஓதம் அப்படியேதான் இருக்கும். பாறை வழுக்கும், அம்மா கரையில உட்காரட்டும், நீங்க மட்டும் போயிட்டு வாங்க." அவர் சொன்னபடியே நடந்தது. நீல் தீவில் பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஒரு தாளில் எழுதித் தராமல் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்புகிறாரே, அதுதான் ஆற்றாமை. ஹேவ்லாக், நீல் இரண்டுக்கும் 2018-இல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. புதுப் பெயரும் பழைய பெயரும் கலந்து புழங்கும் ஊருக்கு வாய்ஸ் மெசேஜை நம்பி எப்படிப் போவது? படகு ரத்தானால் பணம் திரும்புமா என்று கேட்டால், "நான் இருக்கேன்ல தம்பி" என்கிறார். முன்பணத்துக்கு ரசீது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். சிங்கப்பூரில் பத்து வெள்ளி (டாலர்) கட்டினால்கூட விதிமுறைகளோடு மின்னஞ்சல் வந்து விழும். அங்கே இருப்பவர்களுக்கு இவர் அறிவில் பாதி இல்லை, ஆனால் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்கும். அவர் அனுப்பிய குரல்களையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு, நானே ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

அவரிடம் போகிறவர்கள் தேதி, படகு நேரம், ரத்தானால் என்ன என்ற மூன்றையும் எழுதி வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. அடுத்து லட்சத்தீவு கேட்டிருக்கிறோம். அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று இப்போதே நச்சரிக்கிறார். தாளில் எழுதி அனுப்புங்கள் அண்ணே, உடனே பணம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.