லேத்துக்கு எல்இடி லைட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோவை கணபதியில் இரண்டு லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர் வைத்து பம்ப் ஷாஃப்ட் வேலை செய்கிறேன். நானும் ஒரு டர்னர் தம்பியும்தான் ஆட்கள். இத்தனை நாளும் மெஷினுக்கு மேலே 60 வாட் குண்டு பல்புதான் தொங்கியது. சூட்டில் நெற்றி வியர்க்கும், அளவு பார்க்கும் வெர்னியர் கோடும் சரியாகத் தெரியாது. எல்இடிக்கு மாறிவிடலாம் என்று டவுனுக்குள் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். வளைகிற கழுத்து, அலுமினிய பாடி, 12 வாட் என்று அட்டையில் போட்ட மெஷின் லேம்ப், ஒன்று 850 ரூபாய், நான்கு எடுத்தேன். மெஷின் லைட் என்றால் ஷாக் பயம் குறைந்த 24 வோல்ட்தான் நல்லது என்பதால், "24 வோல்ட் தானுங்களா?" என்று கேட்டதற்கு, "இதெல்லாம் இப்ப நேரா 230லயே ஓடும்ங்ணா, டிரான்ஸ்பார்மர் செலவு மிச்சம், கம்பெனி சரக்கு" என்றார். பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நானும் பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், அது முழுக்க என் தப்பு.

மாட்டின அன்று வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டாவது நாள் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, சக் ரிவர்ஸ்ல சுத்துதுங்க."

போய்ப் பார்த்தேன். சக் என்பது ஷாஃப்டைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் தலை, கவ்வுகிற தாடைதான் ஜா. மூணு ஜா சக்கில் மங்கலாக ஆறு ஜா தெரிகிறது, அதுவும் சோம்பேறித்தனமாகப் பின்பக்கம் உருள்கிறது. சக்கைச் சுற்றும் ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருந்தது சுமார் 960 ஆர்பிஎம்மில், அதாவது விநாடிக்கு 16 சுற்று. பக்கத்தில் கம்ப்ரஸரும் இன்னொரு லேத்தும் ஓடுகிற இரைச்சலில் காதை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்பணும், கண்ணோ இப்படி ஏமாறுகிறது. தம்பி வேஸ்ட் துணியோடு சுருள் சீவலைத் தட்டிவிடக் கையை நீட்டப் போய், ஏதோ தோன்றி இழுத்துக்கொண்டதாகச் சொன்னான். அதைக் கேட்டதும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நம் கரண்ட் விநாடிக்கு 50 சைக்கிள், ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும், மலிவு எல்இடியில் அதைச் சமன்படுத்தும் கப்பாசிட்டர் இல்லையென்றால் லைட் விநாடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரியும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் என் சக் 57.6 டிகிரி திரும்புகிறது. அது ஜாக்களுக்கு நடுவில் உள்ள 120 டிகிரியில் பாதியான 60 டிகிரிக்கு ஒரு இம்மி குறைவு என்பதால்தான் ஆறு ஜா மாதிரியும் பின்னால் நகர்வது மாதிரியும் தெரிந்திருக்கிறது. சரியாக 1,000 ஆர்பிஎம்மில் ஓடியிருந்தால் ஆறு ஜாவும் அசையாமல் நின்றிருக்கும். குண்டு பல்பில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, இழை சூடாகவே இருப்பதால் வெளிச்சம் அவ்வளவு சட்டென்று குறையாது. டியூப் லைட் காலத்திலேயே மில்லில் பக்கத்துப் பக்கத்து டியூப்களை வேறு வேறு பேஸில் கொடுப்பது இதற்காகத்தான், ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும் என்றார். எனக்கு இது இவ்வளவு வருஷமாகத் தெரியாது.

அப்புறம் அவர் பாடியில் டெஸ்டர் வைத்தார், எரிந்தது. லேம்ப்பைப் பிரித்தோம். உள்ளே ஒரு அலுமினியத் தட்டு, அதிலேயே எல்இடிகளும் ஒரு சின்ன ஐசியும் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும், 230 வோல்ட் நேராக அதன் மேலே. தட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூவுக்கும் கரண்ட் ஓடுகிற தடத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வயர் இரண்டு கோர்தான், எர்த்துக்கு மூன்றாவது வயரே கிடையாது. கூலன்ட் ஈரக் கையோடு அந்தக் கழுத்தைப் பிடித்துத்தான் நாங்கள் நாள் முழுக்க இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தோம். 12 வாட் என்றதும் பொய், மீட்டரில் 5க்கு மேல் போகவில்லை. அட்டையில் R- என்று தொடங்கும் எட்டு இலக்க எண் அச்சாகியிருந்தது, அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தால் வேறு யாரோ ஒரு கம்பெனியின் மொபைல் சார்ஜருக்கான பதிவு வருகிறது!

கடைக்குக் கொண்டுபோனேன். "ஏனுங்ண்ணா, ஊரே இதத்தான் மாட்டுது, உங்களுக்கு மட்டும் சுத்துதுங்களா?" என்று சிரிக்கிறார். வேறு மாடலாக மாற்றிக்கொள்ளலாம், பணம் திருப்பித் தர முடியாது என்றார். எர்த் வயர் எங்கே என்றால் எலக்ட்ரீஷியனைக் கேட்கச் சொல்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன், நீங்கள் தொழிலுக்கு வாங்கினது, செல்லாது என்றார். அதுவும் முழு உண்மை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லைதான், ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கிறவன் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் அவன் நுகர்வோர்தான், 5 லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்தேன். அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருப்பதோ கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு.

இப்போது 230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்று வாங்கிச் சுவரில் எர்த்தோடு மாட்டி, இரண்டு லேத்துக்கும் 24 வோல்ட் லேம்ப் இழுத்திருக்கிறோம். கடையிலேயே சோதித்துவிட்டுத்தான் வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். லைட்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வேகமாக ஆட்டுங்கள். மங்கலான ஒரே விசிறியாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம், தனித்தனியாகப் பத்து ஸ்க்ரூ டிரைவர் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டிம்மர் இருக்கிற லேம்ப் என்றால் டிம்மரைக் குறைத்து வைத்தும் ஆட்டிப் பாருங்கள், சில டிம்மர் டிசியிலும் லைட்டை மின்ன வைக்கும். போன் கேமராவில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பழைய நான்கில் ஒன்றைப் பிரித்தபடியே மேஜையில் வைத்திருக்கிறேன், மற்ற மூன்றின் வயரையும் வெட்டிவிட்டேன். பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் நேற்று கேட்டார்.