லினக்ஸ் அட்மின் ஃப்ரீலான்ஸ்: எங்கே வேலை வருகிறது, எங்கே கைக்காசு போகிறது

ஃப்ரீலான்ஸ் தள ப்ரொஃபைலில் "லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்" (லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்) என்று மட்டும் எழுதி வைத்தால் வேலை வராது. வேலை கொடுப்பவர் அந்தப் பெயரில் தேடுவதே அபூர்வம். அவர் கடை நடத்துகிறார், அல்லது நாற்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி வைத்திருக்கிறார். "மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போகுது", "சைட் திறக்காம 502 எரர் காட்டுது", "ஹோஸ்டிங்காரன் சர்வரை மாத்தச் சொல்லிட்டான்" என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். அப்வொர்க், ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளங்கள், நேரடி கிளையன்ட் என்று மூன்றையும் பல வருடம் பயன்படுத்திய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: எது உடைந்திருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதியவருக்கே வேலை போகிறது. எத்தனை தேர்வுச் சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

உடைவதற்கும் தேதி உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியும் போய்விட்டதால், இப்போது பேக்கேஜ் நிறுவும் யம் கட்டளையைக் கொடுத்தாலே ஹோஸ்ட் பெயர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) கோப்பில் மிரர்லிஸ்ட் வரியை கமென்ட் செய்து, பேஸ்யுஆர்எல்லை வால்ட் (பழைய பதிப்புகளின் காப்பகம்) முகவரிக்குத் திருப்பினால் யம் ஓடும். ஆனால் அது முதலுதவிதான், புது பாதுகாப்பு பேட்ச் எதுவும் வராது. சென்ட்ஓஎஸுக்கு மாற்றாக வந்த அல்மாலினக்ஸின் எலிவேட் கருவியால் 7-இலிருந்து 8, அங்கிருந்து 9 என்று ஏற்றலாம். வெளி ரெப்போ பேக்கேஜ்கள் நிறைய ஏறிய சர்வர் என்றால் நான் அதைத் தொட மாட்டேன். புது மெஷின் எடுத்து டேட்டாவை நகர்த்துவதே பத்திரம். இங்கேதான் பலருக்குக் கை சுடும். சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்தது பிஎச்பி (இணையதளங்கள் எழுதப்படும் மொழி) 5.4. டேட்டாபேஸோடு பேசும் பழைய "மைஎஸ்கியூஎல்_" ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன, அதனால் அவற்றை நம்பிய பழைய தளம் புது மெஷினில் அப்படியே ஓடாது. சர்வரை நகர்த்த விலை பேசியவர் கடைசியில் யாரோ எழுதிய பத்து வருட கோடைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அப்ளிகேஷன் கோட் மாற்றம் இதில் சேராது" என்ற ஒரு வரியை முதல் மெசேஜிலேயே போட்டுவிட வேண்டும்.

நம் ஊர்க் கம்பெனிகளில் இதோடு ஜிம்ப்ரா என்ற மெயில் சர்வர் மென்பொருளும் சேர்ந்துகொள்ளும். ஜிம்ப்ரா 8.8.15-இன் ஆதரவு 2023 கடைசியோடு முடிந்தது. அதற்கடுத்த பதிப்புகளுக்கு ஜிம்ப்ராவிடமிருந்து இலவச பைனரி (நிறுவத் தயாரான கோப்பு) வருவதில்லை. சென்ட்ஓஎஸ் 7-இல் ஜிம்ப்ரா 8.8.15 ஓட்டும் இடம் ஒன்று தெரிந்தால், அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஐமேப்சிங்க் கருவி மூலம் மெயில்பாக்ஸ்களை நகர்த்துவது எளிது. கேலண்டரும் கான்டாக்டும் அதில் வராது, தனியாக எடுக்க வேண்டும். விலை சொல்லும்போது பலர் மறப்பது இதைத்தான்.

இணையதளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழ் பக்கமும் இப்படித்தான். காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. வருடத்துக்கு ஒருமுறை வாங்கிக் கையால் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் ஆட்டோமேஷனுக்கு வந்தே ஆக வேண்டும். இந்த வேலையில் அடிக்கடி காணும் கோளாறு இரண்டு. ஒன்று, ஃபயர்வாலில் 80-ஆம் போர்ட்டை மூடிவிட்டு, அதே போர்ட் வழியே நடக்கும் எச்டிடிபி சரிபார்ப்பை எதிர்பார்ப்பது. மற்றது, சான்றிதழைத் தானாக வாங்கும் சர்ட்பாட் கருவி புதுப்பித்திருக்கும், வெப் சர்வரான என்ஜின்எக்ஸை யாரும் ரீலோட் செய்திருக்க மாட்டார்கள். டிஸ்கில் புது சான்றிதழ் இருக்க, பிரவுசருக்குப் போவது பழையது. சர்ட்பாட் புதுப்பித்ததும் தானாக ஓடும் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையைச் சேர்த்தால் தீர்ந்தது.

மெயில் வேலை நிறைய வரும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் ஏற்பாடுகள்) மூன்றையும் கேட்கின்றன. ஆனால் "மெயில் சர்வர் செட்டப், ஐம்பது டாலர்" என்று ஒரு வேலையைப் பார்த்ததும் பாயக் கூடாது. சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் எல்லாம் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. ஹெட்ஸ்னரில் புதுக் கணக்குக்கு அடைப்பு உண்டு, கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் திறப்பார்கள். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் போர்ட் திறக்காவிட்டால் ஒரு மெயிலும் போகாது. கிளையன்ட் உங்களைத்தான் திட்டுவார். அடுத்து எஸ்பிஎஃப் ரெக்கார்டு. அதில் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினால் முழு ரெக்கார்டும் பிழை என்று கணக்காகும். மார்க்கெட்டிங் ஆட்கள் ஒவ்வொரு புது சேவைக்கும் ஒரு இன்க்ளூட் (அந்தச் சேவையும் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற குறிப்பு) சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள். பாதி வேலை, பயன்பாட்டில் இல்லாததை நீக்குவதுதான்.

இனி அப்வொர்க். அங்கே விண்ணப்பிக்கவே காசு: விண்ணப்பிக்கச் செலவாகும் டோக்கனான கனெக்ட் ஒன்று 15 சென்ட், ஒரு வேலைக்குப் பல கனெக்ட் கேட்கும். அதனால் கண்டதற்கெல்லாம் அனுப்பினால் கைக்காசுதான் கரையும். பேமென்ட் வெரிஃபை ஆகாத கிளையன்ட், "நிபுணர் தேவை" என்று இரண்டு வரி எழுதியவர், ஏற்கெனவே ஐம்பது விண்ணப்பம் சேர்ந்த வேலை என மூன்றையும் விட்டுவிடலாம். கூடுதல் கனெக்ட் போட்டு பூஸ்ட் செய்து பட்டியலில் மேலே வருவதும் இந்தத் துறையில் வீண் என்பது என் எண்ணம். சர்வர் படுத்துக் கிடப்பவர் முதலில் பதில் சொல்பவரை எடுத்துக்கொள்வார்.

விண்ணப்பத்தில் முதல் இரண்டு வரிதான் பட்டியலில் தெரியும். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குப் பத்து வருட அனுபவம்" என்று அதைச் செலவழிக்காதீர்கள். 502 காட்டும் வேர்ட்பிரஸ் சைட் என்றால் இப்படித் தொடங்கலாம்: "என்ஜின்எக்ஸ் எரர் லாகின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' அல்லது 'நோ சச் ஃபைல்' என்றிருந்தால் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் நின்றிருக்கிறது, அல்லது பிஎச்பி அப்டேட்டில் சாக்கெட் பாதை மாறியிருக்கிறது. 'ப்ரிமெச்சூர்லி குளோஸ்டு' என்றிருந்தால் மெமரி தீர்ந்து கர்னல் ப்ராசஸைக் கொன்றிருக்கலாம்." இவ்வளவையும் சொல்லிவிட்டால் அவரே செய்துகொள்வாரே என்று பயப்பட வேண்டாம். அப்படிச் செய்துகொள்ளத் தெரிந்தவர் அங்கே வந்திருக்கவே மாட்டார்.

மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் பணம் உறுதி, ஆனால் அட்மினுக்கு அது ஒத்துவராத இடம் ஒன்று இருக்கிறது. அப்வொர்க் டிராக்கர் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், கீபோர்டு, மவுஸ் அசைவையும் கணக்கெடுக்கும். இருநூறு ஜிபியை ஆர்சிங்க் கட்டளை நகர்த்துகிறது, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசைவு பூஜ்யம். தகராறு வந்தால் அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். டெர்மினலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு திறந்திருக்கும்போது படம் எடுத்துவிட்டால் அதை அழிக்கலாம், அந்தப் பத்து நிமிடக் கூலியும் சேர்ந்து போகும். அதனால் கோளாறு கண்டுபிடிக்கும் வேலைக்கு மணிக்கணக்கு, மைக்ரேஷனுக்கு மைல்ஸ்டோன்களாக (கட்டம் கட்டமாக) பிரித்த நிலையான விலை. கிளையன்ட் மைல்ஸ்டோனுக்குப் பணம் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த பின் கிளையன்ட் பேசாமல் இருந்தால் அந்தப் பணம் 14 நாளில் தானாக விடுவிக்கப்படும். அங்கே பிடித்த கிளையன்ட்டை வெளியே அழைத்துப் போய்ப் பணம் வாங்குவது இரண்டு வருடம் வரை விதிமீறல். கணக்கு முடங்கினால் சேர்த்த மதிப்பீடு அத்தனையும் போய்விடும்.

ஃபைவர் 20 சதவீதம் எடுக்கும். சின்ன, முடிவு தெரிந்த வேலைக்கு மட்டும் சரிப்படும்: எஸ்எஸ்எல் போடுவது, டிமார்க் சரிசெய்வது, கோப்புப் பகிர்வுக்கான நெக்ஸ்ட்கிளவுட் நிறுவுவது போல. மற்றதற்கு வேண்டாம்.

நேரடி கிளையன்ட் வருவது வேறு வழியில். ஈஆர்பிநெக்ஸ்ட் (கம்பெனி நிர்வாக மென்பொருள்), மூடுல் (ஆன்லைன் பாட மென்பொருள்) போன்றவற்றை விற்று நிறுவித்தரும் சின்னக் கம்பெனிகளிடம் டெவலப்பர்கள் இருப்பார்கள், இரவில் சர்வர் விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது. வெப் டிசைனர்களும் அப்படியே. இவர்களில் இரண்டு மூன்று பேர் பிடிபட்டால் தளங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை. டெபியன் லினக்ஸ் திட்டம் தன் தளத்தில் நாடுவாரியாக ஆலோசகர் பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் சேர்க்கக் காசில்லை. வேலை கொட்டாது, ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்து வருபவர் விவரம் தெரிந்தவராக இருப்பார்.

வேலை கிடைத்த பின் முதல் மணி நேரம் முக்கியம். ரூட் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்காதீர்கள். பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக உதவும் உங்கள் எஸ்எஸ்எச் பப்ளிக் கீயைக் கொடுத்து, தனி யூசர், சூடோ (அட்மின்) உரிமையோடு கேளுங்கள். எதையும் தொடுமுன் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அப்போதைய நகல்). பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் ஒரு கோப்பையாவது ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பழி நம் மேல் வரும். டிஸ்க் நிறைந்த கேஸில் இடம் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை நூறு சதவீதம் காட்டும், கோப்புகளின் அளவை டியு கட்டளையால் கூட்டினால் பாதிதான் வரும். பெரிய லாக் கோப்பை யாரோ அழித்திருப்பார்கள், ப்ராசஸ் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ப்ளஸ் எல்1 சேர்த்து ஓட்டினால் ஆள் சிக்கும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் கட்டளையை மைனஸ் ஐ சேர்த்து ஓட்டி, ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவை) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள், பிஎச்பி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும்.

இந்த மாதிரி ஒரு வேலை முடிந்த கையோடுதான் மாதப் பராமரிப்பு பேச வேண்டும். ஒரு வாரம் கழித்தால் வலி மறந்துவிடும். எத்தனை சர்வர், பேட்ச் எந்த நாளில், பேக்கப் சோதனை மாதம் எத்தனை முறை, இரவு அழைப்புக்குத் தனிக் கட்டணமா, எத்தனை மணி நேரத்துக்குள் பதில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "24 மணி நேரமும் பார்ப்பேன்" என்று தனி ஆள் ஒருவர் எழுதிக் கொடுப்பதைப் போல முட்டாள்தனம் கிடையாது.

பண விஷயத்தில், வெளிநாட்டுப் பணம் வரும்போது அது எதற்கானது என்று காட்டும் பர்ப்பஸ் கோடு கேட்பார்கள். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை மாதாமாதம் எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஏற்றுமதிக்கு வரியில்லாமல் பில் போட எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்ய வேண்டும், அது ஒவ்வொரு நிதியாண்டும் புதிது. ஏப்ரலில் மறந்துபோனவர்கள் ஏராளம். வருமான வரியில் அனுமான லாபத்துக்கு வரி கட்டும் 44ஏடிஏ பிரிவில் போகிறவர்களுக்கு வரவில் பாதி லாபமாகக் கணக்கு, முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண் மாறுகிறது, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தளங்களில் பான் எண்ணைப் பதியாமல் விட்டால் டிடிஎஸ் பிடித்தம் அதிகமாகும், அதை முதல் நாளே செய்துவிடலாம்.