யூரோகோட் 4, பிரிவு 6.7: வாங்கலாமா?

கொங்கிரீட் நிரப்பிய உருக்குக் குழாய்த் தூணைக் கணக்குப் பார்க்க ஐரோப்பிய விதிப்புத்தகமான யூரோகோட் 4ஐக் காசு கொடுத்து வாங்குவதா, இலவசமாகவே இறக்கிக்கொள்ளக்கூடிய அமெரிக்க உருக்கு விதிப்புத்தகம் ஏ.ஐ.எஸ்.சி. 360 போதுமா? கிளிநொச்சியில் சின்னதாக அலுவலகம் வைத்து வரைபடம் போடுகிறவர்கள் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இரண்டும் என் மேசையில் இருக்கின்றன. கட்டையான தூண்களில் வேலை என்றால் வாங்குங்கள். நெல் களஞ்சியம், கோயில் மண்டபம், வாகனக் கொட்டகை, இவைதான் உங்கள் வேலை என்றால் அவசரப்பட வேண்டாம்.

யூரோகோட் 4இன் முதற்பகுதி, 2004இல் வந்த ஈ.என். 1994-1-1 என்ற இலக்கப் புத்தகத்தில் இதற்கு வேண்டியது பெரும்பாலும் 6.7 என்ற பிரிவுதான். அதில் எனக்குப் பிடித்தது, உள்ளே இருக்கும் கொங்கிரீட்டை அது மதிக்கிற விதம். வலுவை 0.85ஆல் பெருக்கிக் குறைக்கிற வழக்கம் இதில் இல்லை, முழு வலுவையும் எடுத்துக்கொள்ளலாம். ஏ.ஐ.எஸ்.சி. வட்டக் குழாய்க்கு 0.95, சதுரத்துக்கு 0.85 என்று பிரிக்கிறது. அமெரிக்கக் கொங்கிரீட் விதிப்புத்தகம் ஏ.சி.ஐ. 318இல் எதற்கும் 0.85தான்.

அதற்கு மேலே, வட்டக் குழாய்க்கு யூரோகோட் ஒரு சலுகையும் தருகிறது. சுமை ஏறும்போது கொங்கிரீட் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். வண்டிச் சில்லுக்குப் போட்ட இரும்புப் பட்டைபோலக் குழாய் அதை இறுக்கிப் பிடிக்கும், கொங்கிரீட்டின் வலு கூடும். அதே நேரம், இறுக்கிப் பிடிக்கிற குழாயால் மேலிருந்து வரும் சுமையை முழுதாகத் தாங்க முடியாது. அதனால் உருக்கின் பங்கைக் கொஞ்சம் வெட்டுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிற இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஒரு குழாயை எடுப்போம். வெளிவிட்டம் 219.1 மி.மீ., தடிப்பு 6.3, எஸ் 355 தர உருக்கு, உள்ளே சி 30/37 தரக் கொங்கிரீட். பாதுகாப்புக் காரணிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உருக்கு 1,495 கிலோநியூட்டன், கொங்கிரீட் 1,005, மொத்தம் 2,500. ஏ.ஐ.எஸ்.சி.யில் 2,450, ஏ.சி.ஐ.யில் ஏறக்குறைய 2,350. தூண் கட்டையாக இருந்து, யூரோகோட்டின் ஒப்பு மெலிவு எண் (தூண் எவ்வளவு ஒல்லி என்று காட்டும் எண்) 0.2 என்று வந்தால், சலுகையோடு 2,919 வரை போகும். கிட்டத்தட்ட 17 வீதம் கூடுதல். விளக்கவுரைகளில் வருகிற படம் எல்லாம் இந்த இடத்தைத்தான் காட்டும்.

அதே குழாயை 4 மீற்றர் உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். மெலிவு எண் 0.77 ஆகிவிடும். 0.5ஐத் தாண்டினால் சலுகை கிடையாது. 3 மீற்றர் என்றாலும் 0.58, அப்போதும் இல்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. சுமை நடுவிலிருந்து விட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது. இந்தக் குழாய்க்கு அது 22 மி.மீ. இங்கே கூரைச் சட்டத்தைத் தூணின் பக்கத்தில் ஒட்டிய தாங்கியில்தான் உட்கார்த்துகிறோம், விலகல் 110 மி.மீ.க்குக் குறையாது. சரி, போய்ச்சு.

அப்புறம் மிஞ்சுவது வளைவுக் கணக்கு, அதாவது ஒல்லியான தூண் சுமையில் பக்கவாட்டில் வளைந்துவிடுவதைப் பார்க்கிற கணக்கு. இரண்டு முனையும் கீல்போலத் திரும்பக்கூடியது என்று வைத்து, நீண்டகாலச் சுமையின் பாதிப்பையும் ஒதுக்கிவிட்டால், அந்த 4 மீற்றர் தூணுக்கு யூரோகோட்டில் சுமார் 2,030, ஏ.ஐ.எஸ்.சி.யில் சுமார் 1,910. பெரிய வித்தியாசம் இல்லை. பாதுகாப்புக் காரணிகளைச் சேர்த்தால் 1,755க்கும் 1,435க்கும் விலகிப் போகும். இதைப் பார்த்துவிட்டு, அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படித்து என்னோடு வேலை செய்கிற தம்பி, "அப்ப யூரோகோட்தான் லாபம், அக்கா" என்றான். இல்லை. அமெரிக்க முறையில் கட்டடத்தின் சொந்தச் சுமையை 1.2ஆலும் பாவனைச் சுமையை 1.6ஆலும் பெருக்குகிறோம், யூரோகோட்டில் 1.35, 1.5. ஒன்றின் சுமையோடு மற்றதன் வலுவைச் சேர்த்தால் கணக்கு குழம்பிவிடும்.

யூரோகோட் எங்களைக் கைவிடுகிற இடம் சந்தைச் சரக்கு. ஹார்ட்வெயார் கடைகளில் சுலபமாக அகப்படுவது மெல்லிய பொக்ஸ் பார், அதாவது சதுரக் குழாய். 100க்கு 100, தடிப்பு 1.5 மி.மீ. என்றால் அகலத்தைத் தடிப்பால் வகுக்க 67 வரும். 235 தர உருக்குக்கு யூரோகோட்டின் எல்லை 52. அதைத் தாண்டினால் தகடு நெளிவதைக் கணக்கில் எடு என்கிறது, எப்படி என்று அந்தப் பிரிவு கையைப் பிடித்துச் சொல்லாது. ஏ.ஐ.எஸ்.சி. மெல்லிய சுவரையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வலுவைக் குறைத்துக்கொண்டு போகச் சூத்திரம் தருகிறது. அதற்காக 1.5 மி.மீ. பொக்ஸ் பாரில் மண்டபத் தூண் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உருக்கின் தரத்தைச் சொல்லும் ஆலைச் சான்றிதழ் இல்லாத குழாய்க்கு எந்த விதிப்புத்தகமும் உதவாது.

பெரிய குறை, புத்தகம் தனியாக நிற்காது. வளைவுக் கோடு யூரோகோட் 3இல், கொங்கிரீட்டின் குணங்கள் யூரோகோட் 2இல், தீ என்றால் யூரோகோட் 4இன் இன்னொரு பகுதியான ஈ.என். 1994-1-2. எல்லாம் தனித்தனி விலை. இதில் தீப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாடியிலும் தூணின் மேலும் கீழும் குறைந்தது 20 மி.மீ. துளை ஒவ்வொன்று வேண்டும், இடைவெளி 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று அதில்தான் இருக்கிறது. தீயில் கொங்கிரீட்டின் ஈரம் ஆவியாகும், வழி இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும்.

நாங்கள் வேலை கொடுக்கும் வெல்டிங் பட்டறை ஐயா அந்தத் துளையைக் கண்டதும், "பிள்ளை, இதால தண்ணி போய் உள்ளுக்குக் கறள் பிடிக்குமே, அடைச்சு விடட்டோ?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் இறுக நிரப்பிய கொங்கிரீட் உள்சுவரை ஒட்டியே இருக்கும், அதன் காரத்தன்மை உருக்கைக் காக்கும். கறள் பிடிக்கிறது வெளியில், அதுவும் முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் பெயின்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இப்போது வரைபடத்தில் துளைக்குப் பக்கத்தில் "வெல்டிங் செய்து மூடக்கூடாது" என்று பெரிய எழுத்தில் போடுகிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. முதலில் ஏ.ஐ.எஸ்.சி.யை இறக்கி அதன் ஐ2 பகுதியைப் படியுங்கள். பாலத் தூண், பல மாடி என்று வேலை வந்தால் யூரோகோட்டின் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே வாங்குங்கள்.