எண்ணெயா, புதுச் செயினா?

சைக்கிள் செயின் "கிரீச் கிரீச்" என்று கத்தினால் பெரும்பாலும் அது வறட்சிதான், அதிலும் மழையில் நனைந்த மறுநாள். அழுக்கைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். பிசுக்கேறி மண்ணை இழுக்கும்.

மேடேறும்போது "டக்"கென்று செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் கதை வேறு. எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டினாலும் தீராது. ஸ்கேலை எடுத்து, கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் (ஆணியின்) நடுவிலிருந்து அடுத்த 24ஆவது பின்னின் நடு வரை அளந்து பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 கூடியிருந்தால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும். அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுச் செயினும் குதிக்கும்.

பெடல் மிதிக்காமல் உருட்டும்போதும் சத்தம் வந்தால்? செயினை விடுங்கள், ஃப்ரீவீலைப் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைச் சுழலவிடும் பல்சக்கரத்தை) பாருங்கள்.